ட்வீட்டில் மனு எண் எங்கே? சமூக ஊடகம் வழியாக அரசிடம் புகார் செய்ய ஒரு வழிகாட்டி

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வழிகிறது, பட்டா மாறுதல் மாதக்கணக்கில் கிடக்கிறது. முன்பென்றால் மனுவை எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகப் படியேற வேண்டும். இப்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து, துறையின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கை டேக் செய்து போட்டுவிடலாம். சற்று நேரத்தில் ‘சம்பந்தப்பட்ட அலுவலரின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது’ என்று பதிலும் வந்துவிடும். அந்தப் பதிலைப் பார்த்துத் திருப்தியடைந்து போனை வைத்துவிடுகிறோமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

அந்தப் பதிலுக்குக் கெடு கிடையாது, கோப்பு கிடையாது. எழுதியவர் பெரும்பாலும் துறையின் சமூக ஊடகக் குழுவில் இருப்பவர். மண்வெட்டி எடுப்பவரையோ கையெழுத்துப் போடுபவரையோ அவருக்குத் தெரியாது. கெடுவும் கோப்பும் இருப்பது மனு எண்ணுக்கு, அதாவது அரசின் குறைதீர் அமைப்பில் புகாரைப் பதிந்ததும் கிடைக்கும் எண்ணுக்கு. ஆனால் மனு எண் தானாக எழுந்து நடக்காது, அதைத் தட்டி எழுப்பத்தான் சமூக ஊடகப் பதிவு தேவைப்படுகிறது. ஆகவே முதலில் எண், அப்புறம் பதிவு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையை வைத்துத்தான். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதியது; மத்திய அரசுத் துறைகள் பற்றியவை எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

1. வேலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

புகார் செத்துப்போவதற்கு முதல் காரணம் தப்பான துறையை டேக் செய்வது. ஒரே தெருமுனையில் நான்கு துறைகள் நிற்கும். விளக்கு உள்ளாட்சியுடையது. அது மாட்டியிருக்கும் கம்பம் பல இடங்களில் மின்வாரியத்துடையது. கீழே உள்ள குழி, சாலை யாருடையதோ அவர்களுடையது. அந்தக் குழியைத் தோண்டியது குடிநீர்க் குழாய் போட வந்தவர்களாக இருக்கலாம். ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று நாலு நாள் கழித்து வரும் பதிலைத் தவிர்க்க, முதல் அரை மணி நேரத்தை இதற்கே செலவிடுங்கள்.

சாலைக்கு எளிய அடையாளம் மைல்கல். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: எல்லாத் தேசிய நெடுஞ்சாலையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இல்லை. சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுதான் பராமரிக்கிறது. சுங்கச்சாவடி உள்ள நெடுஞ்சாலையில் தொந்தரவு என்றால் 1033.

கழிவுநீர் சென்னையில் குடிநீர் வாரியத்தின் வேலை, எண் 1916. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சி, எண் 1913. இந்த இரண்டையும் மாற்றி டேக் செய்யாத சென்னைவாசி அபூர்வம். மற்ற நகரங்களில் பெரும்பாலும் இரண்டுமே நகராட்சி அல்லது மாநகராட்சியின் பொறுப்பு. மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. ரயிலுக்கு 139.

மின்தடை, அறுந்து தொங்கும் கம்பி, ரயில் பெட்டிக்குள் தகராறு போன்றவற்றுக்கு முதலில் போன், பிறகுதான் ட்வீட். கம்பி அறுந்து கிடக்கும்போது நல்ல கோணம் தேடிப் படம் எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல.

2. ஆதாரத்தைச் சேருங்கள்

மூன்று படங்கள் போதும். தூரத்திலிருந்து ஒன்று: தெருப் பெயர்ப்பலகையோ கடைப் பலகையோ கட்டாயம் தெரிய வேண்டும். நடுத்தூரத்தில் ஒன்று. கிட்டத்தில் ஒன்று: குழியின் ஆழம் தெரிய ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே நிறுத்திவையுங்கள். வெறும் குழியை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அது உலகத்தில் எந்தக் குழியாகவும் இருக்கலாம். களத்துக்கு வரும் உதவிப் பொறியாளர் ‘இடம் கண்டறிய இயலவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது.

படத்தின்மேலேயே தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை அச்சாகும் ஜிபிஎஸ் கேமரா செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காரணம் உண்டு: படக் கோப்புக்குள் மறைந்திருக்கும் இடத் தகவலை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும்போதும், எக்ஸில் ஏற்றும்போதும் அந்தத் தளங்கள் நீக்கிவிடுகின்றன. மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் புகைப்படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள், தகவல் அழியாது.

பழைய படத்தைப் போடாதீர்கள், போன மழையில் எடுத்தது இந்த மழைக்குப் பொருந்தினாலும். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்துத் தெளிவாக்கவும் வேண்டாம். மாநில அரசிடம் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது, மத்திய அரசிடமும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. படம் பழையது என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால், குழி உண்மையாகவே இருந்தாலும் உங்கள் புகார் ‘வதந்தி’ப் பட்டியலில் போய்ச் சேரும்.

எழுத்து விவரங்களும் வேண்டும். மின்சாரம் என்றால் மின் இணைப்பு எண், முடிந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் பெயர். வீட்டு வரி, குடிநீர் என்றால் வரிவிதிப்பு எண். பட்டா என்றால் விண்ணப்ப எண், புல எண், கிராமம், வட்டம். ரயில் என்றால் பிஎன்ஆர், பெட்டி எண், வண்டி அடுத்து நிற்கும் நிலையம். இவற்றில் எது பொதுவெளியில் போகலாம், எது போகக்கூடாது என்பதை 5-ஆம் படியில் பார்ப்போம்.

3. மனு எண்ணை வாங்குங்கள்

மாநில அரசுத் துறை, மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி எதுவானாலும் 1100-ஐ அழைத்துப் பதியலாம், அல்லது முதல்வரின் முகவரி இணையதளத்தில் கைபேசி எண்ணும் ஓடிபியும் கொடுத்து நீங்களே பதியலாம். கட்டணம் இல்லை. மத்திய அரசுத் துறை என்றால் அதன் குறைதீர் இணையதளமான சிபிகிராம்ஸ். பாஸ்போர்ட், அஞ்சல், வருங்கால வைப்பு நிதி, வருமான வரி எல்லாம் அதில் அடங்கும். அதற்கும் கட்டணம் இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டு நெறிப்படி 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும். முன்பு இது 30 நாள். தாமதமாகும் விஷயம் என்றால் இடைக்காலப் பதிலாவது தர வேண்டும்.

நேரில் போக முடிந்தவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். காகிதத்தில் கொடுத்தாலும் கணினியில் ஏற்றி ஒப்புகைச் சீட்டு தருவார்கள். சீட்டை வாங்காமல் மேசையைவிட்டு நகராதீர்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாக ஏறிவிட்டால் அதன் நகலே பிறகு உங்கள் பதிவுக்கு வலுவான இணைப்பு.

மனுவில் நடக்கும் பெரிய பிழை மூன்று பிரச்சினைகளை ஒன்றாகக் கட்டுவது. குப்பை, நாய்த்தொல்லை, மின்தடை மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது யாராவது ஒரு துறைக்குப் போகும். அந்தத் துறை தன் பங்குக்கு ஒரு பதில் எழுதி மனுவை முடித்துவிடும், மற்ற இரண்டும் காற்றில். ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை, ஒரு கோரிக்கை. ‘பொருள்’ வரியில் இடத்தையும் வேலையையும் சொல்லுங்கள். முன்பே மனு கொடுத்திருந்தால் ‘பார்வை’ என்று போட்டு அதன் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ என்று முடிக்காதீர்கள். தக்க நடவடிக்கை என்று எதை வேண்டுமானாலும் காட்டிவிடலாம். ‘உடைந்த மூடியை மாற்றித் தர வேண்டும்’ என்று எழுதினால், மாற்றினார்களா இல்லையா என்று இரண்டே பதில்தான்.

நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் சார்ந்தவை, வெறும் யோசனைகள் ஆகியவற்றை சிபிகிராம்ஸ் ஏற்காது. அரசு ஊழியர்களின் பணி விவகாரமும் பொதுவாக அங்கே எடுபடாது.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. அரசின் வாட்ஸ்அப் இரண்டு வகை. ஒன்று சேனல்: அறிவிப்பு மட்டும் வரும், நீங்கள் எழுத வழியே இல்லை. இன்னொன்று சாட்பாட்: பட்டனைத் தட்டத் தட்டச் சேவை தருவது. ஆந்திரத்தில் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘மன மித்ரா’ இந்த வகை. மத்திய அரசின் மைகவ் எண்ணில் (90131 51515) டிஜிலாக்கர் ஆவணங்களை எடுப்பதும் இதே வகைதான். சாட்பாட் உரையாடலின் கடைசியில் எண் ஒன்று வந்தால்தான் புகார் பதிவானது என்று அர்த்தம். பாதியில் விட்டால் எதுவும் பதிவாகியிருக்காது.

4. கணக்கு உண்மையானதா என்று பாருங்கள்

நீல டிக் இப்போது காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும், அதை நம்பாதீர்கள். எக்ஸில் அரசு அமைப்புகளுக்குத் தரப்படுவது சாம்பல் நிற டிக். சிறிய நகராட்சிகள், வட்டார அலுவலகங்கள் பலவற்றுக்கு எந்த டிக்கும் இருக்காது. அவற்றுக்கு ஒரே உறுதியான வழி, துறையின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குப் போய் அங்கிருக்கும் எக்ஸ் அல்லது முகநூல் இணைப்பைத் தட்டி வருவது. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் ரசிகர் கணக்கு, கட்சிக்காரர் கணக்கு, மோசடிக் கணக்கு மூன்றும் ஒரே முகப்புப் படத்தோடு வரிசையாக நிற்கும்.

கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். ‘பதில்கள்’ பகுதியைத் திறந்து பாருங்கள். யாருக்காவது கடந்த ஒரு வாரத்தில் பதில் எழுதியிருக்கிறார்களா? விழாப் படங்களும் வாழ்த்துகளும் மட்டும் ஓடும் கணக்கென்றால் அது விளம்பரப் பலகை. அதை விட்டு, மேல்நிலை அலுவலகத்தின் கணக்கைத் தேடுங்கள்.

5. பதிவை எழுதுங்கள்

எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்துகள். தமிழுக்கு அது இன்னும் குறுகலான இடம், ஏனென்றால் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘மின்கம்பம்’ என்பது கண்ணுக்கு 6 எழுத்து, எக்ஸ் கணக்கில் 10. ஏறத்தாழ 30 சொற்களில் முடிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்துதான். படம் நான்கு வரை போடலாம், வீடியோ 2 நிமிடம் 20 விநாடி வரை.

இப்படி எழுதினால் வேலை நடக்காது:

‘இதுதான் விடியலா? இதுதான் வளர்ச்சியா? வரி மட்டும் வாங்கத் தெரிகிறது, சாக்கடையை யார் பார்ப்பது? வெட்கக்கேடு!’

இப்படி எழுதுங்கள்:

‘கழிவுநீர் 9 நாளாகச் சாலையில் ஓடுகிறது. இடம்: பாரதி தெரு, 4-வது குறுக்குத் தெரு முனை, வார்டு 00. மனு எண் 0000000, 3.6 தேதி. களஆய்வு இல்லாமல் 8.6 அன்று முடிக்கப்பட்டுள்ளது. அடைப்பு எடுக்கும் வண்டி எந்த நாள் வரும்?’

முதல் பதிவுக்கு நூறு லைக் விழும், இரண்டாவதற்குப் பத்துகூட விழாது. ஆனால் சமூக ஊடகக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் இரண்டாவதைத்தான் அப்படியே நகலெடுத்துப் பொறியாளரின் வாட்ஸ்அப் குழுவில் ஒட்ட முடியும். உங்கள் பதிவு கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குழுதான். கேள்வியில் முடிந்திருப்பதையும் கவனியுங்கள். ‘எந்த நாள்’ என்று கேட்டதற்கு ‘கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது’ என்ற பதில் ஒட்டாது. திரும்பக் கேட்க உங்களுக்கு இடம் கிடைக்கும்.

டேக் இரண்டு போதும்: வேலை செய்ய வேண்டிய அலுவலகம், அதற்கு ஒரு படி மேலே உள்ள அலுவலகம். பிரதமர், முதல்வர், மூன்று அமைச்சர், ஐந்து தொலைக்காட்சி என்று பதினைந்து பேரைக் கோத்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். பதிவை டேக்கில் தொடங்காதீர்கள். கணக்கின் பெயரில் தொடங்கும் பதிவை எக்ஸ் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்கிறது, உங்களையும் அந்தக் கணக்கையும் பின்தொடர்பவர்களின் பக்கத்தில்தான் அது தோன்றும். டேக்கைக் கடைசியில் வையுங்கள்.

பொதுவெளியில் போகக்கூடாதவை: ஆதார் எண், குடும்ப அட்டை எண், பிஎன்ஆர், கைபேசி எண், வீட்டுக் கதவு எண், வங்கி விவரம். மனு எண்ணைப் போடலாம். ஆனால் உங்கள் பெயரும் போன் எண்ணும் தெரிகிற ஒப்புகைச் சீட்டைப் படமாகப் போட வேண்டாம், அந்த வரிகளை மறைத்துவிட்டுப் போடுங்கள். வண்டி எண் பலகைகளையும் அக்கம்பக்கத்தார் முகங்களையும்கூட.

கட்சிக் கணக்குகள் உங்கள் பதிவை எடுத்து மேற்கோள் காட்டிப் பரப்புவது அடிக்கடி நடக்கும். பார்வை எண்ணிக்கை ஏறும், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து துறையின் வேலை பழுதுபார்ப்பதிலிருந்து மறுப்பு எழுதுவதற்கு மாறிவிடுகிறது. நீங்கள் அந்தச் சண்டையில் இறங்காமல், உங்கள் பதிவின் கீழே மனு எண்ணை மட்டும் மறுபடி எழுதிவிட்டு ஒதுங்குங்கள்.

6. முதல் பதில் வரும்போது கவனம்

துறை ‘விவரங்களை டிஎம் செய்யவும்’ என்று, அதாவது தனிச்செய்தியாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ரயில்வே பிஎன்ஆரும் கைபேசி எண்ணும் கேட்கும், அது முறையானதுதான். ஆனால் டிஎம் அனுப்பும் முன் பதில் எழுதிய கணக்கைத் தட்டி, நீங்கள் டேக் செய்த அதே கணக்கா என்று பாருங்கள். புகார்ப் பதிவு போட்ட சில நிமிடத்தில் ‘வாடிக்கையாளர் உதவி’ என்ற பெயரில் போலிக் கணக்குகள் வந்து நிற்கும். துறையின் சின்னம் இருக்கும், பேச்சு மரியாதையாக இருக்கும், ஒரு கைபேசி எண்ணும் தருவார்கள். பிறகு ‘புகாரைச் சரிபார்க்க பத்து ரூபாய் கட்டுங்கள்’ என்று ஒரு இணைப்பு, அல்லது ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு), அல்லது திரையைப் பகிரும் செயலி. புகாரைத் தீர்க்க எந்தத் துறையும் யுபிஐயில் பணம் கேட்காது. ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்பே நிறுத்த வேண்டும் என்பதால் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.

உண்மையான பதில் என்றால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. பதில்கள் பின்னர் நீக்கப்படுவது உண்டு.

அடுத்த மூன்று வேலை நாள் காத்திருங்கள். அசைவு இல்லையென்றால் புதிய பதிவு போடாதீர்கள், பழைய பதிவின் கீழேயே தொடருங்கள். புதிய பதிவு புதிய புகாராகிவிடும், பழைய பத்து நாளின் கணக்கு போய்விடும். ஒரே இழையில் எல்லாம் இருந்தால் யார் திறந்தாலும் எத்தனை நாளாக இழுத்தடிக்கிறது என்பது மேலிருந்து கீழே தானாகத் தெரியும்.

7. ‘மனு முடிக்கப்பட்டது’ என்று வந்தால்

வேலை நடக்காமலே குறுஞ்செய்தி வரும். பதறாமல் தளத்தில் உள்நுழைந்து பதில் வாசகத்தை முழுதாகப் படியுங்கள். ‘ஏற்கப்பட்டது’ என்றால் முடிந்தது என்று பொருளில்லை. ‘நிதி ஆதாரம் பெறப்பட்டதும் முன்னுரிமை அடிப்படையில் மேற்கொள்ளப்படும்’ என்று கூடவே எழுதியிருக்கும், அதற்குத் தேதி கிடையாது. ‘பணி முடிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்து பணி நடக்கவில்லையென்றால்தான் உங்களிடம் மிக வலுவான பிடி இருக்கிறது. அன்றைய தேதியோடு அதே இடத்தை அதே கோணத்தில் படமெடுத்து, துறையின் பதில் வாசகத்தையும் படத்தையும் அருகருகே வைத்துப் பதிவிடுங்கள். கருத்து எதுவும் எழுதாதீர்கள், அந்த இரண்டு படமே பேசிவிடும்.

கருத்துக் கேட்டு அழைப்பு வந்தால் அசட்டையாகப் பேசாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டே ‘சரிங்க, சரிங்க’ என்று வைத்தால் அது திருப்தி என்று பதிவாகிவிடலாம். ‘வேலை நடக்கவில்லை, திருப்தி இல்லை’ என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். சிபிகிராம்ஸில் அதிருப்தியைப் பதிந்த பிறகுதான் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கும். மனு முடிக்கப்பட்ட 30 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். அது மேல்நிலை அதிகாரியிடம் போகும், அவருக்கும் 30 நாள் கெடு. மாநிலத் தளத்தில், பழைய எண்ணைப் ‘பார்வை’யில் காட்டிப் புதிய மனு போடுங்கள்.

8. பத்து ரூபாய்க் கேள்வி

இரண்டாவது சுற்றிலும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம், அல்லது மாநிலத்தின் ஆன்லைன் தளத்தில் பதியலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் மாநிலத் துறைக்கு விண்ணப்பிக்காதீர்கள்: விண்ணப்பம் திரும்பும், கட்டணம் திரும்பாது.

‘ஏன் சரி செய்யவில்லை?’ என்று கேட்டால் ‘விளக்கம் கோருவது தகவல் ஆகாது’ என்று தட்டிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்:

‘மனு எண் இன்னது, எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ள அலுவலருக்கு அனுப்பப்பட்டது? அதன்மீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கையின் விவரம். களஆய்வு அறிக்கையின் நகல். பணி முடிக்கப்பட்டதாகப் பதிவு செய்த அலுவலரின் பதவி.’

நான்கு கேள்வி போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள். வரவில்லை அல்லது திருப்தியில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணமில்லை. அவர்களுக்கு 30 நாள், அதிகபட்சம் 45. அதற்கும் மேலே 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அந்தக் கட்டம் மிக மெதுவானது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. ‘அலுவலரின் பதவி’ என்ற கடைசிக் கேள்வியைப் படித்ததுமே வண்டி வந்து நிற்பது உண்டு.

தபாலில் அனுப்புவோர் கவனத்துக்கு: பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதையும், எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும் இணையப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் எப்போதும் அப்படியே இருக்காது.

9. தேர்தல் அறிவித்துவிட்டால்

நடத்தை விதி அமலுக்கு வந்ததும் திங்கட்கிழமைக் கூட்டம் நிற்கும், புதிய பணிகள் அறிவிக்கப்படாது. அதற்காக எரியாத விளக்கை மாற்றவோ அடைப்பை எடுக்கவோ தடை இல்லை. ‘தேர்தல் முடியட்டும்’ என்ற பதிலை வழக்கமான பராமரிப்பு வேலைகளுக்கு ஏற்காதீர்கள்.

பணப் பட்டுவாடா, அனுமதியற்ற பதாகை போன்றவற்றை எக்ஸில் போடுவதைவிடத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்புவதே பலன் தரும். செயலிக்குள்ளேயே படமோ 2 நிமிட வீடியோவோ எடுக்க வேண்டும், கேலரியிலிருந்து ஏற்ற முடியாது. இடம் தானாகப் பதிவாகும். எடுத்த 5 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். 100 நிமிடத்தில் முடிவெடுப்பது அதன் இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்படி அனுப்பினால் என்ன ஆயிற்று என்று பின்தொடர முடியாது. வாக்காளர் பட்டியல் சிக்கலுக்கு 1950.

10. சட்டத்தில் மாட்டாமல் இருக்க

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. கொரோனா இரண்டாம் அலையில், உதவி கேட்டுப் பதிவிடும் குடிமக்கள்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றும் 2021 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே குறை சொல்வது குற்றமில்லை. ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. அலுவலரின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். ‘செய்யவில்லை’ என்பதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்கிறது, ‘திருடுகிறார்’ என்பதற்கு இல்லை.

லஞ்சம் கேட்டால் பதிவே போடாதீர்கள். பதிவு போட்ட நொடியில் கேட்டவர் உஷாராகிவிடுவார், பிறகு கையும் களவுமாகப் பிடிக்க வழியில்லை. நேராக ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் பெயர், படம், பள்ளி, தெரு எதுவும் வெளியில் வரக்கூடாது. நல்லெண்ணத்தில் போட்டாலும் அது தண்டனைக்குரிய குற்றம்.

11. வேலை முடிந்த பிறகு

அதே இழையில் சரிசெய்யப்பட்ட இடத்தின் படத்தையும் முடிந்த தேதியையும் போடுங்கள். வந்து வேலை செய்த பிரிவைக் குறிப்பிட்டு ஒரு வரி நன்றி சொல்லுங்கள். பதிவை நீக்காதீர்கள்: போட்ட ஒட்டு அடுத்த மழையில் பெயர்ந்தால், புது மனுவின் ‘பார்வை’ வரியில் எழுத உங்களிடம் பழைய எண்ணும், தேதியோடு இரண்டு படங்களும் தயாராக இருக்கும்.